உனக்காக யார் நிற்பார்கள்? அரபுப் பாலைவனத்துக் குலமுறை: ஓர் எளிய அறிமுகம்

ஜோர்டானில் ஒரு வீட்டின் வரவேற்பறை. பத்து இருபது பெரியவர்கள் ஒன்றாக வந்து உட்காருகிறார்கள். வீட்டுக்காரர் ஏலக்காய் மணக்கும் காப்பியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, வந்தவர்களில் மூத்தவரிடம் நீட்டுகிறார். அவர் வாங்கிக்கொள்கிறார், ஆனால் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுகிறார். அறையில் பேச்சு அடங்குகிறது. ஒரு காரியம் கேட்டு வந்திருக்கிறோம், அது முடியாமல் காப்பி தொண்டையில் இறங்காது என்பது அதன் பொருள். பெண் கேட்டு வந்திருக்கலாம். ஒரு கொலைக்கு மன்னிப்புக் கேட்டும் வந்திருக்கலாம். "காப்பியைக் குடியுங்கள், வந்த காரியம் முடிந்தது" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் கிண்ணம் உதட்டுக்குப் போகும்.

வெளியூர்க்காரர் இதைப் பார்த்தால் ஒன்று "என்ன அழகான பழக்கம்" என்று படம் பிடிப்பார், இல்லையென்றால் "இந்தக் காலத்திலும் இப்படியா" என்று உதட்டைப் பிதுக்குவார். இரண்டு பேருமே அந்தக் கிண்ணம் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேட்பதில்லை. பாலைவனக் குலங்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்செல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: கூடாரம், ஒட்டகம், பழிவாங்கல், விருந்தோம்பல் என்று தனித்தனிப் படங்கள். அவற்றைக் கோர்க்கும் நூல் ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகப் புரியும்.

மொராக்கோவிலிருந்து இராக் வரை பரந்த நிலத்தில் எல்லா இடத்திலும் ஒரே வழக்கம் இருக்காது. இங்கே நான் சொல்வது பெரும்பாலும் ஜோர்டான், எகிப்தின் சினாய், இஸ்ரேலின் நெகேவ், சவூதி அரேபியா ஆகிய பகுதிகளின் அரபுக் குலங்களைப் பற்றி. சஹாராவின் துவாரெக் மக்கள் பெர்பர் வகை மொழி பேசுபவர்கள்; அவர்கள் கதை வேறு.

பெயரிலேயே குழப்பம்

'பழங்குடி' என்று தமிழில் எழுதியவுடன் நமக்கு மலை, காடு, தேனடை நினைவுக்கு வருகின்றன. கூடவே அரசுப் பட்டியலும் சாதிச் சான்றிதழும். அரபுப் பாலைவனத்துக் குலங்களுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. ஊரில் வாழும் அரபியர் பேசும் அதே மொழிதான், பெரும்பாலும் அதே மதம்தான். ஊர்களுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் வறண்ட வெளிக்கு அரபியில் 'பாதியா' என்று பெயர். அங்கே கால்நடை மேய்த்து வாழ்பவர் 'பதவி', பலராக இருந்தால் 'பதூ'. (நம் 'பதவி'க்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) இந்தச் சொல்தான் ஐரோப்பிய மொழிகளைச் சுற்றிக்கொண்டு 'பெடூயின்' என்று நம்மிடம் வந்து சேர்ந்தது. ஊரில் வீடு கட்டித் தங்கி வாழ்பவர்கள் 'ஹதர்'.

நபிமொழித் தமிழாக்கங்களில் பதூ ஒருவர் வரும்போது 'காட்டரபி' என்றோ 'கிராமவாசி' என்றோ எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது, வேறு சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே காடும் இல்லை, கிராமமும் இல்லை.

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களிடம் இன்னொரு குழப்பம் உண்டு. குவைத்தில் 'பிதூன்' என்று ஒரு பிரிவினர் இருக்கிறார்கள், சுமார் ஒரு லட்சம் பேர். பிதூன் என்றால் 'இல்லாமல்', அதாவது குடியுரிமை இல்லாதவர்கள். அவர்களில் பலர் பதூக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் பதூ வேறு சொல், பிதூன் வேறு சொல். குவைத்தின் பதூக் குடும்பங்களில் பெரும்பாலானவை குடியுரிமை உள்ளவை. நாடாளுமன்றத்துக்கே ஆள் அனுப்பியவை.

எல்லாம் மழையிலிருந்து தொடங்குகிறது

இந்தப் பாலைவனத்தின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. அளவு குறைவு என்பதைவிடப் பெரிய தொல்லை, அது எங்கே பெய்யும் என்று தெரியாதது. ஒரு பள்ளத்தாக்கில் கொட்டித் தீர்க்கும். இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு துளி விழாது. அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழாகும்.

இப்படிப்பட்ட நிலத்தில் 'இந்தப் பத்து ஏக்கர் என்னுடையது' என்று வேலி போட்டால் என்ன ஆகும்? மூன்று ஆண்டுகள் வேலிக்குள் மணல்தான் இருக்கும். அதனால் இங்கே சொத்து என்பது நிலத்துண்டு என்பதை விட்டுவிட்டு, போய்வரும் உரிமையாக மாறியது. ஒவ்வொரு குலத்துக்கும் வழக்கமாகச் சுற்றிவரும் பரப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் 'தீரா'. தீராவுக்குள் கிணறுகள் இன்ன கிளையினருடையவை என்று தெளிவாக இருக்கும். புல் பொது. மழைக்காலத்தில் உள்பாலைவனத்துக்குப் போவார்கள், கோடையில் கிணறுகளின் பக்கத்திலோ ஊர்களின் ஓரத்திலோ வந்து தங்குவார்கள். நாடோடி என்றால் கால்போன போக்கில் அலைபவர் என்று நினைத்துக்கொள்கிறோம். ரயில்வே கால அட்டவணைபோல இல்லாவிட்டாலும், அது கணக்குப் போட்டு நகர்கிற வாழ்க்கை. ரூப் அல் காலி என்னும் மாபெரும் மணல்வெளியின் ஓரங்களில் வாழ்ந்த அல் முர்ரா குலத்தார் ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். மணலில் கால்தடம் படிப்பதில் அவர்கள் பெயர்போனவர்கள். பின்னாளில் சவூதிக் காவல்துறை தடம் பார்க்க அவர்களைத்தான் வேலைக்கு வைத்தது.

இதில் ஒரு சிக்கல் வருகிறது. என் தீராவில் இந்த ஆண்டு மழையில்லை, உங்கள் தீராவில் பெய்திருக்கிறது. நான் உள்ளே வரலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வருவாய்த்துறை அலுவலகம் இல்லை. என் ஒட்டகத்தை ஒருவன் ஓட்டிக்கொண்டு போனால் புகார் கொடுக்கக் காவல் நிலையம் இல்லை. மந்தை செத்தால் காப்பீடு இல்லை. அப்படியானால் ஒரு மனிதனுக்குப் பாதுகாப்பு எது?

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்

நம் ஊர்ப் பங்காளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி வரப்புக்காக வெட்டிக்கொள்வார்கள். அடுத்த தெருக்காரன் தம்பியைக் கை நீட்டினால் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வருவான். இரண்டு தெருக்காரர்களும் திருவிழாவில் முறைத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர்க்காரன் தகராறு செய்தால் இரண்டு தெருவும் ஒன்று. நமக்கு இது ஒரு குணம், அவ்வளவுதான். பதூக்களிடம் இதுவே அரசியல் அமைப்பு.

அரபியில் ஒரு பழமொழி உண்டு: "நானும் என் தம்பியும் என் சித்தப்பா மகனுக்கு எதிராக, நானும் என் சித்தப்பா மகனும் அந்நியனுக்கு எதிராக." கெட்ட குணத்தின் வாக்குமூலம்போல இதை மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம். உண்மையில் இது ஒரு இயந்திரத்தின் செயல்விளக்கம். யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதைப் பொறுத்து, அணியின் அளவு மாறுகிறது. உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் தகராறு என்றால் அப்பா தீர்த்துவைப்பார். உங்களுக்கும் பெரியப்பா மகனுக்கும் தகராறு என்றால், உங்கள் தாத்தாவின் ஒரு மகன் வழியினர் ஒரு பக்கம், இன்னொரு மகன் வழியினர் மறுபக்கம். இன்னும் தூரத்துக்காரரோடு என்றால் இரண்டு பக்கமும் ஒரே அணியாகிவிடும். எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறானோ அவ்வளவு பெரியது அணி. எல்லாக் கிளைகளையும் உள்ளடக்கி, ஒரே மூதாதையின் பெயரில் நிற்கும் பெருங்குடைதான் 'கபீலா'. குலம் என்று நாம் சொல்வது இதைத்தான். அனஸா, ஷம்மர், முதைர், உதைபா, பனீ சக்ர் எல்லாம் இப்படிப்பட்ட கபீலாக்கள். கிளைகளுக்கு உடலுறுப்புப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள்: 'ஃபக்த்' என்றால் தொடை, 'பத்ன்' என்றால் வயிறு. சதை ஆடும் என்று நாம் சொல்வதை அவர்கள் பெயராகவே வைத்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த மட்டத்திலும் இரண்டு அணிகளும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. சமபலம் இருந்தால் இருவருமே அடிக்கத் தயங்குவார்கள். மேலே அரசன் இல்லாமலே ஒழுங்கு நிற்பது அதனால்தான்.

ஷேக் என்றால் அரசன்தானே என்று கேட்கலாம். எண்ணெய்ப் பணத்துக்குப் பிந்தைய படம் அது. மேய்ச்சல் காலத்து ஷேக்கிடம் சிறையும் இல்லை, படையும் இல்லை. பேசித் தீர்க்கத் தெரிந்தவர், வந்தவருக்கெல்லாம் சோறு போடத் தெரிந்தவர், நல்ல குடும்பத்துக்காரர், அவ்வளவுதான். அவர் சொல் பிடிக்காதவன் இரவோடு இரவாகக் கூடாரத்தைச் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். பிரஜை இப்படிக் கிளம்பிவிடக்கூடிய இடத்தில் கொடுங்கோல் நடத்துவது கஷ்டம்.

இந்தப் பெரிய குடைக்குள் அன்றாடம் வேலை செய்யும் அலகு மிகச் சிறியது. ஜோர்டான், நெகேவ் பகுதிகளில் அதை 'கம்ஸா' என்பார்கள். கம்ஸா என்றால் ஐந்து. ஐந்து தலைமுறைக்குள் ஒரே மூதாதையிடம் போய்ச் சேரும் ஆண்வழிச் சொந்தம். நீங்கள் ஒருவரைக் கொன்றால் உங்கள் கம்ஸா முழுவதும் பதில் சொல்ல வேண்டும். உங்களை ஒருவர் கொன்றால் உங்கள் கம்ஸா முழுவதும் கேட்கும். ஒருவன் செய்த தப்புக்கு அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் ஏன் பயப்பட வேண்டும்? நம் சட்ட அறிவுக்கு இது அநியாயம். ஆனால் போலீஸ் இல்லாத இடத்தில் ஒரு முரடனை யார் அடக்குவது? தன் தலைக்கும் ஆபத்து என்று தெரிந்த நாற்பது சொந்தக்காரர்கள் அடக்குவார்கள்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை கோர்த்துக்கொள்வோம். மழை நிலையில்லாதது, அதனால் நிலத்தைக் கூறுபோட முடியாது. அரசு எட்டாத தூரத்தில் இருக்கிறது, அதனால் சொந்தம்தான் போலீசும் காப்பீடும். அந்தச் சொந்தம் எதிரியின் தூரத்தைப் பொறுத்து விரியும், சுருங்கும்.

ஏட்டுக் கணக்கும் நடைமுறையும்

இவ்வளவு சீராக ஒரு சமூகம் நடக்குமா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருந்தால் நல்லது. 1940களின் இறுதியில் கிழக்கு லிபியாவின் பதூக்களிடையே தங்கி ஆராய்ந்தவர் எம்ரிஸ் பீட்டர்ஸ் என்ற மானிடவியலாளர். வம்சாவளி ஒரு மாதிரி சொல்கிறது, மனிதர்கள் வேறு மாதிரி நடக்கிறார்கள் என்பதை அவர் காட்டினார். சண்டை என்று வந்தால் தாய்மாமன் வீட்டுப் பாசம் குறுக்கே வரும், மைத்துனன் வருவான், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பழக்கம் வரும். அப்பா வழி ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை.

வம்சாவளியே கொஞ்சம் நெகிழ்வானது என்பது இன்னும் சுவையான விஷயம். கடைசி ஐந்தாறு தலைமுறைப் பெயர்கள் எல்லோருக்கும் துல்லியமாகத் தெரியும். உச்சியில் இருக்கும் மூதாதையையும் தெரியும். நடுவில் உள்ள பெயர்கள் மங்கும், இரண்டு ஆட்கள் ஒருவராகிவிடுவார்கள், எப்போதோ வந்து ஒட்டிக்கொண்ட குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையில் 'பேரன்' ஆகிவிடும். இன்று யாரோடு யார் சேர்ந்து நிற்கிறார்களோ, அதற்கு ஏற்றபடி நேற்றைய தாத்தாக்கள் மாறிக்கொள்கிறார்கள். 'தூய ரத்தம்' என்று யாராவது பேசினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விருந்து: எழுதாத மொய் நோட்டு

இனி எல்லோருக்கும் தெரிந்த விருந்தோம்பலுக்கு வருவோம். பதூக் கூடாரத்துக்கு யார் வந்தாலும், எதிரியே ஆனாலும், மூன்று நாளும் ஒரு நாளின் மூன்றிலொரு பங்கும் விருந்தாளி. அதுவரை எங்கே போகிறாய், என்ன வேலை என்று துருவிக் கேட்பது மரியாதை இல்லை. இஸ்லாத்துக்கு முந்தைய காலத்து தய்யி குலத்துக் கவிஞர் ஹாத்திம், விருந்தாளிக்குக் கறி இல்லாமல் தன் அருமைக் குதிரையையே அறுத்தார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

இதை 'பாலைவன மக்களின் பரந்த மனம்' என்று முடித்துவிடுவது எளிது. மனம் பரந்ததாகவே இருக்கட்டும். ஆனால் மொய் வைக்கும் ஊரில் பிறந்த நமக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். காதுகுத்துக்கு நான் வைத்த ஐந்நூறு, என் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். அதைப் பாசம் என்றும் சொல்லலாம், வட்டியில்லாக் கடன் என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்துதான் மொய். பாலைவனத்தில் இன்று நான் கூடாரம் வைத்திருப்பவன், நீ வழி தவறி வந்தவன். அடுத்த மாதம் நான் தண்ணீர் இல்லாமல் வேறொருவன் கூடாரத்தைத் தேடுவேன். யாரும் யாருக்கும் சோறு மறுக்காத உலகம் எல்லோருக்கும் தேவை. வித்தியாசம் ஒன்றுதான்: நான் சோறு போட்டவனே எனக்குத் திருப்பிப் போட வேண்டியதில்லை. வேறு யாரோ போடுவார்கள். நோட்டு பொது நோட்டு.

அந்த நோட்டில் வரவு எழுதுபவர்கள் கவிஞர்களும் விருந்தாளிகளும். சாப்பிட்டுப் போனவன் அடுத்த கூடாரத்தில் போய்ச் சொல்வான், ஒருவன் பாட்டாகக் கட்டுவான். கஞ்சன் என்று ஒரு வரி பரவினால் தலைமுறைக்கும் அழியாது. பேச்சுவழக்கு அரபியில் பாடும் இந்தக் கவிதைக்கு 'நபதி' என்று பெயர். அபுதாபியில் இதற்கென்று தொலைக்காட்சிப் போட்டியே நடக்கிறது, கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பரிசோடு.

காப்பி ஊற்றுவதற்கும் இலக்கணம் உண்டு. 'தல்லா' என்ற நீண்ட மூக்குக் கூஜா இடது கையில். கிண்ணத்தை நீட்டுவது வலது கையால். கிண்ணத்தில் கொஞ்சமே ஊற்ற வேண்டும். ததும்ப ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். நம் வீட்டில் டம்ளர் நிரம்பாவிட்டால் கோபம் வரும், அங்கே நிரம்பினால் வரும். போதும் என்று வாயால் சொல்ல வேண்டாம், கிண்ணத்தை லேசாக ஆட்டினால் போதும். முதல் கிண்ணம் விருந்தினனுக்கு, இரண்டாவது இன்பத்துக்கு, மூன்றாவது வாளுக்கு என்று சொல்வார்கள். மூன்றாவதைக் குடித்தவன், தனக்குக் காப்பி ஊற்றிய குடும்பத்துக்கு ஆபத்து வந்தால் கூட நிற்க ஒப்புக்கொண்டவன் என்று பொருள்.

'முகம்' என்றால் உத்தரவாதம்

விருந்தாளியின் அடுத்த படி 'தகீல்', அதாவது அடைக்கலம் புகுந்தவர். துரத்தப்படும் ஒருவன் ஓடி வந்து கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டால், வீட்டுக்காரர் அவனைக் காத்தே ஆக வேண்டும். அவன் தப்பு செய்தவனா என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம். உணவு வயிற்றில் இருக்கும்வரை, அதாவது புறப்பட்ட பிறகும் அதே மூன்று சொச்சம் நாள்களுக்கு, பாதுகாப்பு தொடரும் என்று கொள்வார்கள்.

இதற்கெல்லாம் அடமானமாக வைக்கப்படுவது 'வஜ்ஹ்', அதாவது முகம். 'இவன் என் முகத்தில் இருக்கிறான்' என்று ஒருவர் சொன்னால், இவனைத் தொடுவது என்னைத் தொடுவது என்று பொருள். உடன்படிக்கைக்குப் பிணை நிற்பவரும் தன் முகத்தைத்தான் கொடுக்கிறார். அந்த வாக்கை யாராவது மீறினால் 'முகத்தை வெட்டிவிட்டான்' என்பார்கள்; அதற்குத் தனி வழக்கு, தனி அபராதம். நன்றாக நடந்துகொண்டவரை 'இறைவன் உன் முகத்தை வெண்மையாக்கட்டும்' என்று வாழ்த்துவார்கள். முகத்தில் கரி பூசிவிட்டான் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம்.

பத்திரப் பதிவு இல்லாத ஊரில் ஒப்பந்தம் எப்படிச் செல்லும் என்ற கேள்விக்குப் பதில் இதுதான். மூன்றாவது ஆள் ஒருவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். பெயர் கெட்டால் அடுத்த முறை அவர் சொல்லுக்கு மதிப்பில்லை, அவர் மகனுக்குப் பெண் கிடைப்பதும் சிரமம்.

ரத்தத்துக்குக் கணக்கு

பதூ என்றாலே பழிக்குப் பழி என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். அந்தச் சமூகம் அதிக உழைப்பைச் செலவிட்டது பழிவாங்குவதற்கு அல்ல, பழியை நிறுத்துவதற்குத்தான். ஆளுக்கு ஆள் என்று போனால் இரண்டு கம்ஸாவும் அழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் படிப்படியாக இறங்கி வர ஒரு வழி கட்டியிருக்கிறார்கள்.

கொலை நடந்தவுடன் 'ரத்தம் கொதிக்கும்' காலம். அதற்கும் மூன்று நாளும் மூன்றிலொரு பங்கும்தான் கணக்கு. விருந்துக்கும் கோபத்துக்கும் ஒரே அளவுகோல். அந்த நாள்களில் இறந்தவர் தரப்பு என்ன செய்தாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படும். அதனால் கொன்றவரின் சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தூரத்தில் போய் வேறு குலத்திடம் அடைக்கலம் புகுவார்கள். இந்த இடப்பெயர்வுக்கு 'ஜல்வா' என்று பெயர்.

அப்புறம் நடுவர்கள் வந்து தற்காலிகச் சமாதானம் வாங்குவார்கள்; அது 'அத்வா'. அதற்குக் கெடு உண்டு, கெடு முடிய முடியப் புதுப்பிப்பார்கள். அந்த இடைவெளியில் கோபம் ஆறும், பேச்சு நடக்கும். கடைசியில் மதிப்புள்ள பெரியவர்கள் திரண்டு இறந்தவர் வீட்டுக்குப் போவார்கள். இந்தத் தூதுக்குழுவின் பெயர் 'ஜாஹா'. கட்டுரையின் தொடக்கத்தில் காப்பியைக் குடிக்காமல் வைத்தாரே, அவர் அப்படி ஒரு ஜாஹாவின் தலைவர். இவ்வளவு பெரிய மனிதர்கள் வாசல் தேடி வந்து கேட்டார்கள் என்பதால், மன்னிக்கும் குடும்பத்துக்கு அது கோழைத்தனமாகத் தெரியாது, பெருந்தன்மையாகத் தெரியும். கிண்ணத்தின் வேலை அதுதான். பழி வாங்க வேண்டியவன் முகம் கெடாமல் பழியைக் கைவிட ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது.

உயிருக்கு ஈடாகக் கொடுக்கும் பொருள் 'தியா'. நம் செய்தித்தாள்கள் 'ரத்தப் பணம்' என்று எழுதுவது இதைத்தான். பழைய கணக்கு நூறு ஒட்டகம். இஸ்லாத்துக்கு முன்பே அரபியரிடம் இருந்த இந்த வழக்கத்தை இஸ்லாமியச் சட்டம் ஏற்று முறைப்படுத்தியது. சவூதியில் 2011-ல் இந்தத் தொகை விபத்து மரணத்துக்கு 3 லட்சம் ரியால், வேண்டுமென்றே செய்த கொலைக்கு 4 லட்சம் ரியால் என்று உயர்த்தப்பட்டது. பிறகு ஏன் சில வழக்குகளில் கோடிக்கணக்கில் கேட்கிறார்கள் என்று தோன்றும். அது சட்டம் வகுத்த தொகை இல்லை. மரண தண்டனையை விட்டுக்கொடுக்க இறந்தவர் குடும்பம் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை. அதற்கு உச்சவரம்பு கிடையாது.

தியாவைக் கொன்றவன் தனியாகக் கட்டுவதில்லை, அவன் சொந்தம் முழுவதும் பங்கு போட்டுக் கட்டும். வளைகுடாச் சிறையில் வாடும் நம்மூர்க்காரர் ஒருவருக்காக உலகம் முழுவதும் உண்டியல் குலுக்கும் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு இதுதான் தோன்றும். குலம் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டவருக்கு, முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து சில மாதங்களுக்கு ஒரு கபீலாவாகிவிடுகிறார்கள்.

மறுபடியும் ஒரு சிறு தொகுப்பு. விருந்து நாளைய பாதுகாப்புக்கான வைப்பு. முகம், பத்திரத்துக்குப் பதில் நிற்கும் அடமானம். ஜல்வா, அத்வா, ஜாஹா, தியா நான்கும் பழிவெறியைக் கீழே இறக்கும் படிகள்.

சித்தப்பா மகளைக் கட்டுவது

தமிழ்க் காதுக்கு மிகவும் உறுத்தும் வழக்கம் இது. நமக்கு அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண்; சித்தப்பா, பெரியப்பா பெண் தங்கச்சி, அக்கா. பதூக்களிடம் சித்தப்பா மகளே முதல் முறைப்பெண். அவள் மேல் அவனுக்கு எவ்வளவு உரிமை என்றால், வேறொருவனுக்கு மணம் முடிந்து ஊர்வலம் போகும்போதுகூடக் குதிரையிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று பழமொழியே உண்டு.

மேலே சொன்ன இயந்திரத்தோடு பொருத்திப் பார்த்தால் காரணம் தெரியும். பெண்ணை வெளியே கொடுத்தால் உறவு விரியும். உள்ளேயே கொடுத்தால் உறவு இறுகும். ஆபத்தில் கூட நிற்க வேண்டியவன் சித்தப்பா மகன் என்றால், அவனையே மருமகனாக்கி முடிச்சை இறுக்கிவிடுகிறார்கள். ஆனால் எல்லாத் திருமணமும் அப்படி நடந்ததில்லை, உரிமை வேறு, வழக்கம் வேறு.

இந்த அமைப்பு யார் முதுகில் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டு மயிரைத் திரித்துக் கூடாரத்துணி நெய்பவள் பெண். நனைந்தால் மயிர் உப்பி இடைவெளி அடைபடுவதால், மழை உள்ளே வராத துணி அது. கூடாரத்தை நடுவதும் பிரிப்பதும் அவள் வேலை. அவர்களுடைய 'சதூ' நெசவை 2011-லும் 2020-லும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியல்களில் சேர்த்திருக்கிறது. ஆனால் ஜாஹா உட்காரும் இடத்தில் அவள் இல்லை. குலத்தின் மானம் அவள் உடம்பில் வைக்கப்பட்டது. அந்த மானத்தின் பெயரால் பெண்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். சினாய், நெகேவ் பகுதிகளில் கொலைக்கு ஈடாகக் கொன்றவர் தரப்புப் பெண் ஒருத்தியை மறுதரப்புக்குக் கொடுத்து, அவள் ஆண்பிள்ளை பெற்றுத் தரும்வரை வைத்திருந்த வழக்கமும் இருந்தது. அதற்கு 'குர்ரா' என்று பெயர். சமாதானம் என்பது யாருக்கு என்ற கேள்வியை இந்த ஒரு சொல்லே எழுப்பிவிடும்.

இப்போது எங்கே

மேய்ச்சல் வாழ்க்கை ஏறக்குறைய முடிந்த கதை. 1930களின் தொடக்கத்தில் ஜோர்டான் பக்கம் ஒட்டகக் கொள்ளை அடக்கப்பட்டது. 1953-ல் சவூதி அரசு குலங்களின் மேய்ச்சல் காப்பிடங்களைப் பொதுநிலமாக்கியது. 1958 முதல் 1961 வரை சிரியாவில் நீடித்த வறட்சி மந்தைகளைத் துடைத்துவிட்டது. பிறகு எண்ணெய், ராணுவ வேலை, டொயோட்டா வண்டி. முன்பு ஒட்டகம் தண்ணீரைத் தேடிப் போனது, இப்போது தண்ணீர் லாரி ஒட்டகத்தைத் தேடி வருகிறது. இன்று பதூக்களில் மிகப் பெரும்பாலோர் கான்கிரீட் வீட்டில் இருக்கிறார்கள். நெகேவில் அரசு அங்கீகரிக்காத கிராமங்களில், எழுதிய பத்திரம் இல்லாத பழைய உரிமைக்காக இன்னும் வழக்காடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

கூடாரம் போனாலும் கபீலா போகவில்லை. சவூதியிலோ குவைத்திலோ வேலை பார்த்தவர்களுக்கு முதைரி, உதைபி, ஹர்பி, அஜ்மி, கஹ்தானி, ஷம்மரி போன்ற பெயர்கள் பழக்கமானவை. எல்லாமே குலப்பெயர்கள். குவைத்தில் தேர்தலுக்கு முன் குலத்துக்குள் ரகசியமாக ஒரு தேர்தல் வைத்து வேட்பாளரை முடிவு செய்துவந்தார்கள். 1998-ல் அதைக் குற்றமாக்கினார்கள். அதன் பிறகும் நடந்தது. ஜோர்டானில் 1976-ல் குலச் சட்டங்கள் முறைப்படி ஒழிக்கப்பட்டன. ஆனாலும் ஜல்வா நின்றுவிடவில்லை. யார் யார் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்ற வட்டத்தைக் கொன்றவர், அவர் தந்தை, மகன்கள் என்று சுருக்க 2021-ல் அரசும் குலப் பெரியவர்களும் உடன்பாடு செய்ய வேண்டியிருந்தது.

இன்று ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஒரு கார் மோதி ஆள் இறந்தால் போலீஸ் வருகிறது, காப்பீட்டு நிறுவனம் வருகிறது, நீதிமன்றத்தில் வழக்கு பதிவாகிறது. கூடவே ஓட்டுநரின் சித்தப்பா நாலு பெரிய மனிதர்களுக்கு போன் போட்டு அத்வா வாங்க ஏற்பாடு செய்கிறார். சில நாள் கழித்து வரிசையாகக் கார்கள் வந்து நிற்கும். காப்பி ஊற்றுவார்கள், கிண்ணம் கீழே இருக்கும்.